சுண்ணாம்பு பூமிக்குச் சுண்ணாம்பு வைத்தியம்!

பெரம்பலூர், அரியலூர் ஏரிகளில் மீன் செத்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நோய் மூட்டைக்குள் அடங்குகிற நோயா?

ஏரியில் மீன் செத்து மிதந்தால் ஊருக்குள் முதலில் கிளம்பும் பேச்சு, "எவனோ மருந்து கலந்துட்டான்" என்பதுதான். போன வருஷம் ஏலத்தில் தோற்றவர் மேல் ஒரு கண், வரப்புத் தகராறு உள்ளவர் மேல் இன்னொரு கண். ஸ்டேஷன் வரைக்கும்கூட விஷயம் போகும். மருந்து கலப்பவர்கள் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால், சித்திரை வைகாசியில் ஒரு கோடை மழை அடித்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலையில் கெண்டை எல்லாம் மொத்தமாக மல்லாந்து கிடந்தால், சந்தேகத்தைப் பக்கத்துக் காட்டுக்காரர் மேலிருந்து தண்ணீரின் மேல் திருப்ப வேண்டும்.

பகலெல்லாம் பாசி வெயிலைக் குடித்து ஆக்சிஜனை விடும். பொழுது சாய்ந்ததும் கணக்கு தலைகீழாகிவிடும். அதே பாசி, மீன், அடிச்சேற்றில் உள்ள நுண்ணுயிர் எல்லாமே ஆக்சிஜனை உறிஞ்ச ஆரம்பிக்கும். விடிவதற்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரம்தான் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போகும் நேரம். கெண்டை இனங்களுக்கு லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் நிம்மதி. 3-க்குக் கீழே போனால் சரியாக இரை எடுக்காது. 1-ஐ நெருங்கினால் சாவு. தண்ணீர் சூடாக இருந்தால் இன்னும் மோசம். 20 டிகிரி தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரி தண்ணீரால் ஏழரைதான் முடியும். இதில் மேகமூட்டத்தால் ஒரு நாள் வெயில் குறைந்து, மழைத் தண்ணீர் அடிச்சேற்றையும் கிளறிவிட்டால் முடிந்தது கதை.

மருந்தா, மூச்சுத் திணறலா என்பதைக் கரையில் நின்றே ஓரளவு சொல்லிவிடலாம். மூச்சுத் திணறலில் பெரிய மீன்தான் முதலில் போகும். கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் முந்திக்கொள்ளும். முந்தைய நாளே அதிகாலையில் தண்ணீர் விழும் இடத்தில் கூட்டமாக வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடியிருக்கும். விரால் தப்பித்துவிடும், அதற்கு வெளிக்காற்றையும் சுவாசிக்கத் தெரியும். மருந்து என்றால் நேரம் காலம் கிடையாது. பொடி மீன், இறால், தலைப்பிரட்டை, நீர்ப்பூச்சி என்று எல்லாம் சேர்ந்து சாகும்.

பச்சை எங்கிருந்து வருகிறது?

பாசி மிகுந்து தண்ணீர் கரும்பச்சையாவது ஒரே நாளில் நடப்பதில்லை. பாசிக்கு யாரோ விருந்து வைத்தபடி இருக்கிறார்கள். இரண்டு மாவட்டங்களிலும் அந்த விருந்து மூன்று வழிகளில் வருகிறது.

முதல் வழி, ஊர்ச் சாக்கடை. ஊர் வளர்ந்து கரையைத் தொட்டுவிட்ட ஏரிகளில், மழைத் தண்ணீரைக் கொண்டுவர வெட்டிய வரத்து வாய்க்கால் வருஷத்தில் பத்து மாதம் குளியலறை, சமையலறைத் தண்ணீரைத்தான் கொண்டுவருகிறது. சோப்புத் தண்ணீரும் கழிவறைக் கசிவும் சேர்ந்து வரும்போது நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடவே வருகின்றன. வெங்காயத்தாமரை மேலே படர்ந்தால் கண்ணுக்குத் தெரிகிறது என்று திட்டுகிறோம். கண்ணுக்குத் தெரியாத பாசி அதே உரத்தைத் தின்றுதான் பெருகுகிறது.

இரண்டாவது வழி, காடு. மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் மூன்றுக்கும் பெயர்போன பூமி பெரம்பலூர். மக்காச்சோளத்துக்கு யூரியா தாராளமாக விழுகிறது. முதல் மழையில் அதில் ஒரு பங்கு ஓடைக்குப் போகிறது. 2018-ல் அமெரிக்கப் படைப்புழு வந்து மக்காச்சோளத்தைச் சூறையாடியதிலிருந்து மருந்தடிப்பும் கூடிவிட்டது. பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்துகளில் பல, லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலேயே மீனைக் கொல்லக்கூடியவை. மருந்தடித்து முடித்த கையோடு ஸ்பிரேயர் டேங்கை ஏரி மதகோரம் கழுவுகிற பழக்கம் இருக்கிறதே, வேண்டுமென்று யாரும் கலக்காமலேயே மருந்து கலந்துவிடுகிறது.

மூன்றாவது வழி, மீன் வளர்ப்பவரின் கை. தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் கால் பங்கோ, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கோதான் மீனின் உடம்பில் ஏறுகிறது. மற்றதெல்லாம் கழிவாகவும் மீந்த தீவனமாகவும் தண்ணீரிலேயே கிடக்கிறது. தவிடும் புண்ணாக்கும் போடுகிறவர்களுக்கே இந்த நிலை. கறிக்கடையிலிருந்து கோழிக்கழிவை டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து கொட்டுகிற இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சிமென்ட் தூசியும் சுரங்கத் தண்ணீரும்தான் அத்தனைக்கும் காரணம் என்பவர்களும் உண்டு. அது தனியாக எழுத வேண்டிய சமாச்சாரம். மீன் குளங்களைப் பொறுத்தவரை, மேலே சொன்ன மூன்றும் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கின்றன.

"அண்ணே, என்ன போடலாம்?"

தண்ணீர் பச்சையானால் தீவனக் கடையில் கேட்கப்படும் கேள்வி எல்லா ஊரிலும் ஒன்றுதான்: "அண்ணே, தண்ணி ரொம்பப் பச்சையாயிடுச்சு, என்ன போடலாம்?" கேள்வியே "போடலாம்" என்று முடிவதால் பதிலும் மூட்டையாகத்தான் வரும். ஜியோலைட், புரோபயாடிக், பிளீச்சிங் பவுடர் என்று வரிசை நீளும். அந்த வரிசையில் எப்போதும் முதலிடம் சுண்ணாம்புக்குத்தான்.

நெல்லூர்ப் பண்ணையிலும் சுண்ணாம்பு, தஞ்சாவூர்ப் பண்ணையிலும் சுண்ணாம்பு, ஆகவே இங்கேயும் சுண்ணாம்பு. ஆனால், அரியலூர் எந்த மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கொஞ்சம் யோசிக்க வேண்டாமா? டைனோசர் காலத்தில் கடல் கிடந்த பூமி இது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கும் மரம் அந்தக் கடலோடு சேர்ந்த கதை. அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லைத்தான் இன்று லாரி லாரியாக வெட்டி எடுக்கிறார்கள். அந்தப் பகுதியின் கிணறும் போரும் ஏற்கெனவே சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டுதான் மேலே வருகின்றன. பாத்திரத்தில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிற தண்ணீரில் மறுபடியும் சுண்ணாம்பைக் கொட்டி என்ன ஆகப்போகிறது?

சாதாரணச் சுண்ணாம்புக்கல் மாவு என்றால் ஒன்றும் ஆகாது. தண்ணீரின் பி.எச். 8.3-ஐத் தொட்டுவிட்டால் அந்த மாவு கரையாமல் அடியில் படியும். பணம் மட்டும் கரையும். சுட்ட சுண்ணாம்போ நீற்றுச் சுண்ணாம்போ என்றால் கதை வேறு. அது பி.எச்.சை மேலே தள்ளும். அங்கேதான் ஆபத்து. தண்ணீரில் உள்ள அமோனியா முழுவதும் விஷமில்லை. அதில் ஒரு பங்குதான் விஷம். 30 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் அந்தப் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. 8 என்றால் ஏழெட்டு. 9 என்றால் ஏறக்குறைய நாற்பத்தைந்து. அதாவது, குளத்தில் அமோனியா ஒரு சொட்டும் கூடாமலேயே, பி.எச். எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போனால் விஷம் ஆறு மடங்கு. பச்சைத் தண்ணீரில் பிற்பகல் நேரத்துப் பி.எச். பாசியின் தயவில் ஏற்கெனவே 9 பக்கம் நின்றுகொண்டிருக்கும். அந்த நேரத்தில் சுட்ட சுண்ணாம்பை வாரி இறைத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் புத்தகம் கடையைவிடத் தெளிவாக இருக்கிறது. மீன் வளர்ப்புக் கையேடுகள் குளத்து மண்ணின் பி.எச். 5 முதல் 6.5 வரை இருந்தால் எக்டேருக்கு 1,000 கிலோ சுண்ணாம்பு போடச் சொல்கின்றன. 7.5-க்கு மேல் என்றால் 200 கிலோ. 8.5-ஐத் தாண்டினால் தேவையே இல்லை. அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் குளத்து நீரையே வாழ்நாள் ஆராய்ச்சியாகச் செய்த கிளாட் பாய்டும் தண்ணீரின் மொத்தக் காரத்தன்மையைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்கிறார். அப்படியானால் இந்த இரண்டு மாவட்டங்களில் சுண்ணாம்பே கூடாதா என்று கேட்டால், அப்படியும் இல்லை. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்துச் செம்மண் முந்திரிக்காட்டுக் குட்டைக்கு ஒரு கணக்கு. அரியலூர்க் கரிசலுக்கு வேறு கணக்கு. பச்சைமலை அடிவாரத்துக்கு இன்னொரு கணக்கு. ஒரே மூட்டை மூன்றுக்கும் மருந்தாகாது. ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கைப்பிடி மண்ணும் கொண்டுபோய்ப் பரிசோதித்த பிறகு போடுவதற்கு என்ன தடை? வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. எங்கே பரிசோதிக்கலாம் என்று அங்கே கேட்டாலே வழி கிடைத்துவிடும்.

கை முட்டி வரை ஒரு பரிசோதனை

பரிசோதனைக்குப் போவதற்கு முன்பே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு, காலை பத்து மணிவாக்கில், குளத்தில் இறங்கிக் கையை முட்டி வரை தண்ணீருக்குள் விட வேண்டும். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் பாசி அளவாக இருக்கிறது. மணிக்கட்டுக்கு மேலேயே மறைந்துவிட்டால் பாசி அதிகம். சாணமும் தீவனமும் அன்றைக்கே நிற்க வேண்டும். விரல் நகம் வரைக்கும் பளிச்சென்று தெரிந்தால் தண்ணீரில் இரையே இல்லை என்று அர்த்தம். பச்சையாக இல்லாமல் செம்மண் நிறத்தில் மறைத்தால் அது பாசி இல்லை, களிமண் கலங்கல். அதற்கு ஜிப்சம் உதவும். படிகாரமும் தெளிய வைக்கும், ஆனால் அது பி.எச்.சை இறக்கும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது.

மீன் மேலே வந்து வாய் பிளக்கிறது என்றால் முதலுதவி இதுதான்: தீவனத்தை நிறுத்துவது, ஏரேட்டர் இருந்தால் இரவு இரண்டு மணியிலிருந்து விடியும் வரை ஓட்டுவது. இல்லாதவர்கள் ஆயில் இன்ஜினைக் கரையில் வைத்து, குளத்துத் தண்ணீரையே இறைத்துப் பலகை மேல் சிதறி விழும்படி விட்டால் போதும். காற்றோடு தண்ணீர் எவ்வளவு மோதுகிறதோ அவ்வளவு நல்லது. போர் தண்ணீரை நேரே உள்ளே விடுவது பலருக்குத் தோன்றும் யோசனை. பூமிக்கடியிலிருந்து வருகிற தண்ணீரில் ஆக்சிஜன் அநேகமாக இருக்காது, கரியமில வாயுதான் இருக்கும். அதையும் சிதறவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பண்ணைக்குட்டையில் தார்ப்பாய் விரித்து மீன் விடுகிறவர்கள் தண்ணீரை இப்படிச் சிதறவிட்டாலே இழப்பு குறையும்.

முதலுதவி வேறு, வைத்தியம் வேறு. வைத்தியம் இரண்டே இடத்தில்தான் நடக்க வேண்டும்: தண்ணீர் நுழையும் வாய், சேறு கிடக்கும் அடி.

வாய்க்கால் ஏரிக்குள் விழும் இடத்தில் வண்டல் தங்க ஒரு குழியும், அதைத் தாண்டி ஆழமில்லாத பரப்பில் சம்பு, கோரை, கல்வாழை என்று ஒரு பட்டையும் இருந்தால் வருகிற அழுக்கில் கணிசமான பங்கு அங்கேயே நிற்கும். சம்பையும் கோரையையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, சும்மா விட்டாலே வளரும். வருஷத்துக்கு ஒருமுறை அறுத்து வெளியே கொண்டுவந்து போட வேண்டும். அறுக்காமல் விட்டால் அதுவே மடிந்து அழுகி, பிடித்து வைத்த உரத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும்.

அடிச்சேற்றுக்கு வெயிலைவிடப் பெரிய மருந்து இன்னும் வரவில்லை. கோடையில் குளம் வற்றியதும் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயப்போட்டு, ஓர் உழவு ஓட்டினால், கறுத்து நாறும் சேறு காற்றுப்பட்டுப் பழுப்பாக மாறும். மீறிக் கிடக்கும் வண்டலை அள்ளிக் காட்டில் போட்டால் யூரியாச் செலவு குறையும். 2024-ல் விதிகளைத் திருத்தி, விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கட்டணமில்லாமல் வண்டல் எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். வேண்டாத மீனைக் கொல்லவும் பூச்சிமருந்து தேவையில்லை. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு எக்டேருக்கு 2,500 கிலோ இலுப்பைப் புண்ணாக்கு போட்டு, மூன்று வாரம் விட்டுக் குஞ்சு விடலாம். கொன்ற புண்ணாக்கே பிறகு உரமாகிவிடும்.

ஓடுகிற தண்ணீர் கிடைக்கும் ஏரிகளின் யோகமே தனி. உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2024 ஜனவரியில் சேர்ந்த அரியலூர் மாவட்டக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலய ஏரி சுமார் 454 எக்டேர். புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகக் காவிரித் தண்ணீர் வந்து அதை நிரப்புகிறது. வயலுக்குப் பாயும்போது பழைய தண்ணீர் வெளியேறுகிறது. அத்தனை பறவை எச்சத்தையும் தாங்கிக்கொண்டு ஏரி நிற்க அந்தப் போக்குவரத்தும் ஒரு காரணம். மானாவாரிப் பெரம்பலூரின் குட்டைகளுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. உள்ளே வந்தது வந்ததுதான், ஆவியாகிற தண்ணீர் அழுக்கை விட்டுவிட்டுத்தான் போகும்.

ஒரு பசலிக்காரர் ஏன் தூர் வாருவார்?

வழியெல்லாம் தெரிந்திருந்தும் ஏன் நடக்கவில்லை? இங்கேதான் தண்ணீரைவிடக் கலங்கலான ஒரு விஷயம் வருகிறது: மீன்பாசி ஏலம்.

பல ஊர்களில் ஏரியின் மீன்பிடி உரிமை ஒரு பசலிக்குத்தான் விடப்படுகிறது. பசலி என்பது ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும் ஆண்டு. ஏரி நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில். குஞ்சு விடக் கார்த்திகை, மார்கழி ஆகிவிடும். சித்திரையில் தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிடும். ஆக, பன்னிரண்டு மாதத்துக்குப் பணம் கட்டியவர் கையில் இருப்பது ஐந்தாறு மாதம். அந்த ஐந்தாறு மாதத்தில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். கூட்டு மீன் வளர்ப்புக்கு எக்டேருக்கு 5,000 முதல் 10,000 விரலிக் குஞ்சுகள் என்று சொன்னால் அவர் காதில் அது விழாது. இருக்கிற இடத்தில் முடிந்த மட்டும் கொட்டுவார். சீக்கிரம் எடை ஏற வேண்டும் என்று கோழிக்கழிவு தேடுவார். சேறு வாரினால் அடுத்த வருஷம் ஏலம் எடுப்பவருக்குத்தான் லாபம். வரத்து வாயில் கோரைப் பட்டை வைத்தால் அதன் பலன் தெரிவதற்குள் அவர் குத்தகை முடிந்திருக்கும். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் இதைத்தான் செய்வீர்கள். மூட்டை மருந்து விற்பதற்கு இதைவிடத் தோதான வாடிக்கையாளர் கிடைப்பாரா? அவருக்கு வேண்டியது ஏரி திருந்துவது இல்லை. இந்தப் பங்குனி வரை மீன் சாகாமல் இருப்பது.

ஒரு வருஷப் பொறுப்பு நம் ஊருக்குப் புதிதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில், 921-ஆம் ஆண்டிலேயே, ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக் காலம் 360 நாள் என்றுதான் இருக்கிறது. ஆனால், அந்த ஆறு பேரில் ஒருவராகக் குடவோலையில் பெயர் எழுதப்படவே கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். கணக்குக் காட்டாமல் போனவருக்கும் அவர் உறவுக்காரருக்கும் மறுபடி இடமில்லை. ஏரி கெட்டால் தன் வயல் காயும் என்பவரிடம்தான் ஏரி இருந்தது. இன்றைய குத்தகைதாரருக்கு அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு சென்ட் நிலமும் இருக்க வேண்டியதில்லை. அதனால்தான் மாசி வந்தால் பாசனக்காரருக்கும் குத்தகைதாரருக்கும் மதகடியில் வாய்த்தகராறு மூள்கிறது. ஒருவருக்குத் தண்ணீர் வயலுக்கு வர வேண்டும், இன்னொருவருக்கு மீன் பருக்கும்வரை ஏரியிலேயே நிற்க வேண்டும். பிறகு அவரே மீனை வாரி எடுப்பதற்காக மிச்சத் தண்ணீரையும் மோட்டார் வைத்து இறைக்கப் பார்ப்பார்.

கழிவுநீரையே தீவனமாக்கி மீன் வளர்க்கலாமே என்று கொல்கத்தாவைக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். 12,500 எக்டேர் பரப்புள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலம் 2002-ல் ராம்சர் பட்டியலுக்கே போனது உண்மைதான். அங்கே கழிவுநீர் நீண்ட வாய்க்கால்களில் வந்து, ஆழமில்லாத குளங்களில் வெயில்பட்டு நின்று தெளிகிறது. எவ்வளவு விட வேண்டும் என்று கைக்கணக்குத் தெரிந்த ஆட்கள் தலைமுறையாக மதகடியில் இருக்கிறார்கள். வருஷா வருஷம் ஆள் மாறும் ஏரியில் அந்தக் கைக்கணக்கு எங்கே உருவாகும்?

மானியம் இல்லாமல் இல்லை. 2020-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் திட்டத்தில் குளம் வெட்டவும் இடுபொருள் வாங்கவும் பொதுப் பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல், பழங்குடியினருக்கும் 60 சதவீதம் வரை கிடைக்கிறது. அதெல்லாம் சொந்தக் குளம் வைத்திருப்பவருக்கும் நீண்ட குத்தகைப் பத்திரம் காட்டுபவருக்கும் உதவும். ஒரு பசலிக்காரர் எதைக் காட்டுவார்?

செய்ய வேண்டியது பெரிய திட்டமொன்றும் இல்லை. ஏல நிபந்தனையில் ஐந்தாறு வரிகள் சேர்த்தால் போதும். குத்தகை குறைந்தது ஐந்து பசலி. பாசனதாரர் சங்கமோ, உள்ளூர் மகளிர் குழுவோ, மீனவர் கூட்டுறவோ கேட்டால் அவர்களுக்கு முன்னுரிமை. முதல் வருஷக் குத்தகைத் தொகையில் பாதியை வரத்து வாயில் வண்டல் குழிக்கும் கோரைப் பட்டைக்கும் கழித்துக்கொள்ளலாம். கோழிக்கழிவு கொட்டினால் குத்தகை ரத்து. குஞ்சு விடும் முன்பும் கோடைத் தொடக்கத்திலும் மண், தண்ணீர்ப் பரிசோதனைச் சீட்டு. அது ஊராட்சி அலுவலகச் சுவரில் ஏலத் தொகைக்குப் பக்கத்திலேயே ஒட்டப்பட வேண்டும். மதகை மூடும் மட்டம் பாசனக்காரரும் குத்தகைதாரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டதாக இருக்க வேண்டும்.

ஐந்து வருஷத்துக்கு விட்டால் வலுத்தவர் கைக்கு ஏரி போய்விடும் என்ற பயம் சிலருக்கு உண்டு. போகலாம்தான். அதைத் தடுக்கக் கணக்கும் கிராம சபையும் இருக்கின்றன. ஆனால், வருஷம் ஒரு கை மாறுகிற ஏரியைக் காப்பாற்ற எந்தச் சபையாலும் முடியாது. ஆனி மாதம் அடுத்த ஏல நோட்டீஸ் ஒட்டும்போது, தொகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை வருஷம் என்று கேளுங்கள். ஒன்று என்று பதில் வந்தால், சுண்ணாம்பு மூட்டைக்கான செலவையும் இப்போதே கணக்கில் எழுதிவிடலாம். செத்த மீனுக்கான நஷ்டத்தையும் அதற்குக் கீழேயே எழுதிக்கொள்ளலாம்.